முதல் சீட்டு விழுந்ததும் கையை நிறுத்துங்கள்: பிரிட்ஜில் ஆட்டத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஏலம் முடிந்தது. காண்ட்ராக்ட் உங்களுடையது, அதாவது இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலத்தில் ஒத்துக்கொண்டது நீங்கள்தான் (ஆளுக்கொரு சீட்டு விழும் ஒரு சுற்றை ஜெயித்தால் ஒரு பிடி). இடப்பக்கத்து எதிராளி முதல் சீட்டைப் போட்டுவிட்டார். எதிரே இருக்கும் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிட்டார். இந்த இடத்தில் டம்மியிலிருந்து, அதாவது அந்த விரித்த கையிலிருந்து, சட்டென்று ஒரு சீட்டை எடுத்துப் போடாதீர்கள். புதிதாக ஆடுகிறவர்கள் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை இந்த முதல் பிடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவசரம் இல்லை. யோசிக்க வேண்டிய நேரமே இதுதான்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் முந்நூற்றிநாலு (304) சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு பிரிட்ஜ் சீக்கிரம் பிடிபடும். துருப்பு, வெட்டு, ஏலம், கூட்டாளி எல்லாம் தெரிந்த சங்கதிதான். ஆனால் இரண்டு பழக்கத்தை மாற்ற வேண்டும். அங்கே ஜாக்கிதான் பெரிசு, அதற்கு 30 புள்ளி. அடுத்து ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. பிரிட்ஜில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று நேர்வரிசை. அங்கே பிடிக்குள் எத்தனை புள்ளி விழுந்தது என்று பார்ப்போம். இங்கே எத்தனை பிடி என்பது மட்டும்தான் கணக்கு. அதனால் ஒரு பிடியை மனதாரக் கொடுத்துவிட்டு இரண்டு பிடி வாங்கலாம். இந்த எண்ணம் மனதில் ஊறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் பிரித்து வைத்துக்கொண்டே படியுங்கள். காண்ட்ராக்ட் 3 நோ ட்ரம்ப். அதாவது துருப்பே இல்லை, 9 பிடி வேண்டும்.

டம்மி (வடக்கு):
ஸ்பேடு 6 3
ஆர்ட்டின் ராஜா 8 4
டைமண்ட் ஏஸ் ஜாக்கி 10 7 5
கிளாவர் ராஜா 6 2

உங்கள் கை (தெற்கு):
ஸ்பேடு ஏஸ் 8 4
ஆர்ட்டின் ஏஸ் ராணி 5
டைமண்ட் ராணி 9 4
கிளாவர் ஏஸ் 8 7 3

மேற்கு, அதாவது உங்கள் இடப்பக்கத்து எதிராளி, ஸ்பேடு ராஜாவைப் போடுகிறார்.

முதல் படி: எண்ணுங்கள்

துருப்பு இல்லாத ஆட்டத்தில், எதிராளிக்கு ஒரு பிடிகூடக் கொடுக்காமல் இப்போதே எடுக்கக்கூடியவை எத்தனை என்று எண்ண வேண்டும். ஸ்பேடில் 1, ஆர்ட்டினில் 3, டைமண்டில் 1, கிளாவரில் 2. மொத்தம் 7. இன்னும் 2 குறைகிறது.

இரண்டாம் படி: குறைவது எங்கிருந்து வரும்?

இரண்டு கையிலும் சேர்த்து நீளமான இனத்தைப் பாருங்கள். டைமண்டில் 8 சீட்டு இருக்கிறது, பெரிய சீட்டுகளில் ராஜா மட்டும்தான் வெளியே. உங்கள் கையிலிருந்து ராணியைப் போட்டு, மேற்கு ராஜாவைப் போடாவிட்டால் டம்மியில் சின்னதைப் போட்டு ஓடவிடலாம். இதற்கு ஃபினெஸ் என்று பெயர். ராஜா மேற்கிடம் இருந்தால் டைமண்டில் ஐந்து பிடியும் நமக்கு. கிழக்கிடம் இருந்தால் ஒன்று போகும், நான்கு கிடைக்கும். எப்படிப் போனாலும் 9 தாண்டிவிடும். இங்கே வந்ததும் பலர் நிம்மதியாகி விளையாட ஆரம்பித்துவிடுகிறார்கள். அடுத்த படிதான் முக்கியம்.

மூன்றாம் படி: எது கவிழ்க்கும்? யார் கவிழ்ப்பார்?

ஸ்பேடில் வெளியே 8 சீட்டு. மேற்கு ராஜாவைப் போட்டதால் அவரிடம் ராஜா, ராணி, ஜாக்கி என்று வரிசையாக, ஐந்து சீட்டு இருக்கலாம், கிழக்கிடம் மூன்று. இப்போது முதல் பிடியிலேயே ஏஸைப் போட்டுப் பிடித்தால் என்ன ஆகும்? டைமண்ட் ராணியை ஓடவிடுகிறீர்கள், கிழக்கு ராஜாவால் பிடிக்கிறார், ஸ்பேடு ஒன்றைத் திருப்பிப் போடுகிறார், மேற்கு நான்கு ஸ்பேடு எடுக்கிறார். ஐந்து பிடி போயிற்று, காண்ட்ராக்ட் கவிழ்ந்தது.

அதனால் முதல் ஸ்பேடை, ஏஸைப் போடாமல், எதிராளிக்கே விடுங்கள். இரண்டாவதையும் விடுங்கள். மூன்றாவதில் ஏஸைப் போடுங்கள்.

“கையில ஏஸ் இருக்கையில எதுக்கு அண்ணாச்சி விடணும்?” என்றுதான் புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கன்னடியன் கால்வாயில் மேல்மடையை அடைத்துவிட்டால் கீழே இருக்கிற வயலுக்கு எவ்வளவு உரிமை இருந்தாலும் தண்ணீர் போகாது. இங்கே அடைபடுவது கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும் வழி. மூன்று ஸ்பேடு போனபின் கிழக்கின் கையில் ஸ்பேடு இல்லை. அவர் டைமண்ட் ராஜாவால் பிடித்தாலும் மேற்கிடம் ஆட்டத்தைக் கொண்டுபோக முடியாது. மேற்கிடம் இரண்டு நல்ல ஸ்பேடு சும்மா இருக்கும். நீங்கள் ஸ்பேடில் 2, டைமண்டில் 1 என்று மூன்று பிடி மட்டும் கொடுத்து 10 எடுத்துவிடுவீர்கள்.

ஸ்பேடு நான்கு-நான்காகப் பிரிந்திருந்தால்? அப்போது கிழக்கிடம் ஒன்று மிஞ்சும். ஆனால் மேற்கிடமும் ஒன்றுதான் மிஞ்சும். மொத்தம் நான்கு பிடி போகும், 9 நமக்கு. அப்போதும் தப்பித்தோம்.

எத்தனை முறை விடுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அந்த இனத்தில் உங்களிடமும் டம்மியிலும் சேர்த்து எத்தனை சீட்டு என்று பார்த்து, அதை 7-இலிருந்து கழியுங்கள். இங்கே ஐந்து சீட்டு, ஆகவே இரண்டு முறை. ஏஸ் ஒன்று மட்டுமே அந்த இனத்தைத் தடுக்கும்போது இது நன்றாக உதவும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாது. எதிராளி வேறொரு இனத்துக்கு மாறினால் இன்னும் பெரிய சேதம் என்றால் உடனே பிடித்துவிடுவதே சரி. நம் ஆட்டத்தில் ஆர்ட்டினும் கிளாவரும் பலமாக இருப்பதால்தான் தைரியமாக விடுகிறோம்.

இன்னொன்று: மூன்றாவது ஸ்பேடுக்கு டம்மியில் ஸ்பேடு இருக்காது. அங்கே கிளாவர் 2-ஐக் கழியுங்கள். டைமண்டைத் தொடவே கூடாது, நம் பிழைப்பே அதில்தான்.

துருப்பு இருக்கும் ஆட்டம்

இங்கே எண்ணுவது தலைகீழ். உங்கள் கையிலிருந்து எத்தனை பிடி போகும் என்று எண்ணுங்கள். காண்ட்ராக்ட் 4 ஸ்பேடு, அதாவது ஸ்பேடுதான் துருப்பு, 10 பிடி வேண்டும். மூன்று வரை இழக்கலாம்.

டம்மி: ஸ்பேடு ராணி 8 5, ஆர்ட்டின் 6 2, டைமண்ட் ஏஸ் 8 7 4, கிளாவர் ஏஸ் 9 5 2.
நீங்கள்: ஸ்பேடு ஏஸ் ராஜா ஜாக்கி 10 6, ஆர்ட்டின் ஏஸ் 7 3, டைமண்ட் ராஜா 5, கிளாவர் 8 6 4.

மேற்கு கிளாவர் ராஜாவைப் போடுகிறார். ஆர்ட்டினில் இரண்டு போகும், கிளாவரில் இரண்டு போகும். நான்கு. ஒன்று அதிகம். டம்மியில் ஆர்ட்டின் இரண்டே இரண்டு, உங்களிடம் மூன்று. அந்த மூன்றாவது ஆர்ட்டினை டம்மியில் துருப்பால் வெட்டிவிட்டால் சரியாகிவிடும்.

முதலில் எதிராளியின் துருப்பையெல்லாம் உருவிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். மூன்று சுற்று உருவினால் டம்மியில் வெட்டத் துருப்பே இருக்காது. ஆகவே கிளாவர் ஏஸால் பிடித்து, ஆர்ட்டின் ஏஸைப் போட்டு, உடனே இன்னொரு ஆர்ட்டினைப் போட்டு ஒரு பிடியைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கிளாவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும். மறுபடி ஆட்டம் உங்களிடம் வந்ததும் மூன்றாவது ஆர்ட்டினை டம்மியின் ராணியால் வெட்டுங்கள். 8-ஐப் போட்டால் கிழக்கு 9-ஆல் மேல்வெட்டு வெட்டக்கூடும். உங்கள் கையில் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10 இருக்கிறபோது ராணியைச் செலவழிப்பதில் நஷ்டமே இல்லை. அப்புறம் துருப்பை உருவுங்கள்.

இரண்டு ஆட்டத்தையும் மேசையில் பரப்பி, எதிராளிகளின் சீட்டை மட்டும் கலைத்துக் கலைத்துப் போட்டு ஆடிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் டைமண்ட் ராஜாவை ஒருமுறை மேற்கிடமும் ஒருமுறை கிழக்கிடமும் வையுங்கள். கிழக்கிடம் வைக்கும்போது ஸ்பேடு ஏஸை முதல் பிடியிலேயே எடுத்தும் ஒருமுறை ஆடுங்கள். ஐந்து பிடி எப்படிப் போகிறது என்று கண்ணெதிரே தெரியும்.