சளிக்காய்ச்சல் கொள்ளைநோய்க்கு முன்பே சமூக சேவை அமைப்புகள் செய்துவைக்க வேண்டியவை

ஆயத்தம் என்றதும் பலரும் முகக்கவசம் வாங்க ஓடுகிறார்கள். முதலில் வேண்டியது ஒரு தாளும் பேனாவும்தான். 2020இல் கோவிட்-19 பரவியபோது, மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன சிங்கப்பூரின் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை ஏப்ரல் 3ஆம் தேதி அறிவிக்கப்பட்டு, 7ஆம் தேதியே நடப்புக்கு வந்தது. அந்த நான்கு நாளில் கூட்டம் போட்டு யோசிக்க நேரமிருக்காது.

உங்கள் சேவைகளை மூன்றாகப் பிரியுங்கள்: நிற்கவே கூடாதவை, வடிவம் மாறக்கூடியவை, நிறுத்தக்கூடியவை. தனியாக வாழும் முதியவருக்குச் சாப்பாடும் மருந்தும் முதல் வகை. துணைப்பாட வகுப்பு இணையத்துக்குப் போகலாம். பந்தி போட்டு நடக்கும் அன்னதானத்தைப் பொட்டலமாகக் கொடுக்கலாம். விருந்தும் விழாவும் நிற்கட்டும். இங்கேதான் சச்சரவு வரும். தங்கள் நிகழ்ச்சிதான் முக்கியம் என்று ஒவ்வொரு குழுவும் சொல்லும். “ஒரு வாரம் நடக்காவிட்டால் யார் உடல்நிலை கெடும்?” என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் அது முதல் வகையில்லை.

அடுத்து ஆள்பலம். உச்சக்கட்டத்தில் பத்தில் நால்வர் வரமாட்டார்கள் என்றே கணக்கிடுங்கள். சிலர் நோயாளிகள், சிலர் பள்ளி மூடியதால் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர்கள். முதல் வகைச் சேவை ஒவ்வொன்றையும் மூவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். சாவி, சமையல் விநியோகிப்பாளரின் எண், வங்கிக் கையொப்பம் மூன்றுக்கும் இதே விதி. கையொப்பமிடும் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் இருவரும் ஒரே நேரத்தில் படுத்துவிடலாம்.

உணவு கொண்டுபோகும் தொண்டூழியர்களில் பலர் தாங்களே 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களைத் தொலைபேசி விசாரிப்புக்கு மாற்றிவிட்டு, இளையவர்களை இப்போதே பழக்குங்கள். மற்றவர்களை ஒருவரையொருவர் சந்திக்காத இரு அணிகளாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் ஒரே வேன் ஓட்டுநர் என்றால் பிரித்ததில் பயனில்லை.

பயனாளர் பட்டியலை அச்சிட்டு வையுங்கள்: புளோக், வீட்டு எண், பேசும் மொழி, நீரிழிவு, ஒவ்வாமை, நெருங்கிய உறவினர். தனிநபர் தரவு என்பதால் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அல்ல.

பொட்டலத்தைக் கதவில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். மணியடித்து, பின்வாங்கி நின்று, அவர் எடுப்பதைப் பார்த்த பிறகே நகருங்கள். கதவு திறக்கவில்லை என்றால் யாரை அழைப்பது என்பதைப் பட்டியலிலேயே எழுதுங்கள். விழுந்து கிடப்பவரைக் கண்டுபிடிக்க அந்த ஒரு நிமிடமே வாய்ப்பு. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் பொட்டலத்தில் எழுதுங்கள்.

பொருள் கணக்கு எளிது. தினமும் 20 தொண்டூழியர், ஆளுக்கு இரண்டு முகக்கவசம், ஆறு வாரம்: 1,680, அதாவது 50 கொண்ட 34 பெட்டிகள். பழையதை முதலில் பயன்படுத்தி, புதியதைப் பின்னால் அடுக்குங்கள். கிருமிநீக்கத்துக்கு 5% வீட்டுப் பிளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்து, மேசையும் கதவுக் கைப்பிடியும் 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி துடைத்து, பிறகு தண்ணீரால் துடையுங்கள். கலவை வீரியம் இழப்பதால் அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டும். கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும்.

வாசலில் காய்ச்சல் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். சளிக்காய்ச்சல் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். உடல் சரியில்லாதவர் வீட்டில் தங்குவதே பெரிய தடுப்பு. ஆனால் நாள்கூலி வாங்கும் துப்புரவாளர் சம்பளம் போகுமென்றால் மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்துவிடுவார். அதனால் நோய்நாள் கூலிக்கு வரவுசெலவில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் போடும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி நல்லதுதான். புதிய வகைக் கிருமிக்கு அது பலிக்காமல் போகலாம். அதற்கான தடுப்பூசி வர மாதங்கள் ஆகும்.

கடைசியாக, ஒரு சனிக்கிழமை ஒருங்கிணைப்பாளரை வரவிடாமல், அவர் தொலைபேசியையும் அணைத்துவைத்து, முதல் வகைச் சேவையை மட்டும் நடத்திப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அதைத் தாளில் திருத்தி, தேதியிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி செய்யுங்கள்.