இறுக்கமான சாக்ஸ் யாருக்கு, எப்போது, எப்படி

தருமபுரி மைதானத்தில் காலையில் கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "அக்கா, கம்ப்ரஷன் சாக்ஸ் போட்டா டைமிங் குறையுமா?" 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று அவர்களுக்குக் கவலை. குறையாது தம்பி. எத்தனையோ பேரை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் பெரும்பாலும் வருவதில்லை. அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கு.

ஓடி முடித்த பிறகு வரும் வலி கொஞ்சம் குறைகிறது என்பதற்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. நான் போடுவதும் அதற்குத்தான்.

இது முதலில் வெரிகோஸ் வெயின்காரர்களுக்கு, அதாவது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருப்பவர்களுக்கு, வந்த சமாச்சாரம். கணுக்காலில் இறுக்கம் அதிகம், முழங்காலை நெருங்க நெருங்கக் குறைவு. அதனால் ரத்தம் கீழே தேங்காமல் மேலே ஏறுகிறது. ஓடும்போது கெண்டைக்கால் சதை குலுங்குவதும் குறையும். பெட்டியில் 15–20 என்று எண் போட்டிருக்கும். பிரஷர் பார்க்கிறார்களே, அதே மி.மீ. பாதரசக் கணக்குதான். ஓடுகிறவர்களுக்கு அது போதும். 20–30 எல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும். எண்ணே இல்லாமல் 'கம்ப்ரஷன்' என்று மட்டும் அச்சடித்திருந்தால் அது வெறும் நீளச் சாக்ஸ்.

ஷூ நம்பரைச் சொல்லி வாங்காதீர்கள். தெருமுனை டெய்லரிடம் இருக்கும் இஞ்ச் டேப் போதும். காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன், கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே ஒல்லியான இடத்தையும் கெண்டைக்காலில் பருத்த இடத்தையும் சுற்றி அளந்து, பெட்டியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எட்டு நம்பர் ஷூ போடும் இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் ஒன்றாகவா இருக்கும்?

போடும்போது குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, மெதுவாக மேலே ஏற்றுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது. முக்கியமாக, மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள். மடித்தால் அந்த இடத்தில் கயிறு கட்டியது போல் ஆகி, ஏற வேண்டிய ரத்தத்தை அதுவே தடுக்கும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றுங்கள்.

வத்தல்மலைக்கு ஓடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காலை உடைப்பது இறக்கம். ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்பக்கச் சதை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. அந்த வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் படி இறங்க முடியாமல் செய்யும். வலி தொடையில் இருக்க, முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்டு என்ன பயன்? அதற்குத் தொடையையும் மூடும் டைட்ஸ் வேண்டும். இறங்கி வந்து, குளித்து, காய்ந்த காலில் போட்டுச் சில மணி நேரம் விடுங்கள். படுக்கப் போகும்போது கழற்றிவிடலாம்.

பாதம் இல்லாத ஸ்லீவ் சித்திரை வெயிலுக்குச் சுகம், பாதம் புழுங்காது. ஆனால் பெங்களூருவில் ஓடிவிட்டுக் கிருஷ்ணகிரி தாண்டி பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வரும்போது ஸ்லீவ் வேண்டாம், கணுக்காலுக்குக் கீழே வீங்கும். அப்போது முழுச் சாக்ஸ்தான்.

சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று டாக்டர் சொன்னவர்களும் கேட்காமல் போடக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் சாக்ஸைத் தேடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்.

துவைக்க லேசான சோப்பும் பச்சைத் தண்ணீரும் போதும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், எலாஸ்டிக் தளரும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசியில் ஒருமுறை நன்றாக அலசுவது நல்லது. இழுத்துப் போராடாமல் சரசரவென்று ஏறத் தொடங்கினால் இறுக்கம் போய்விட்டது, புதுசு வாங்குங்கள்.