ஈஎஸ்ஓ 325-ஜி004 பற்றிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு வானில் சென்டாரஸ் விண்மீன் குழுவின் திசையில் இருக்கிறது இந்த ராட்சத நீள்வட்ட கேலக்ஸி. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் இணையத்தில் நிறையவே சுற்றுகிறது, தப்பும் தவறுமான விளக்கங்களோடு.

முதல் குழப்பம் பெயரில். இதையும் சென்டாரஸ் ஏ கேலக்ஸியையும் போட்டுக் குழப்பாதீர்கள். அது ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில்; இது சுமார் 45 கோடியில். திசைதான் ஒன்று, உறவு எதுவும் இல்லை.

படத்தில் கேலக்ஸியைச் சுற்றி மொய்க்கும் புள்ளிகளைத் தனித்தனி விண்மீன்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவை கோளக் கொத்துகள். ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான விண்மீன்கள்.

அடுத்தது, மையத்தை ஒட்டியிருக்கும் ஐன்ஸ்டைன் வளையம். அதை இந்தக் கேலக்ஸியின் உறுப்பு என்றே பலர் எழுதுகிறார்கள். நேர் பின்னால், வெகு தொலைவில் இருக்கும் வேறொரு கேலக்ஸியின் ஒளி, இதன் ஈர்ப்பில் வளைந்து வருவதுதான் அது. அந்த ஒளி கிளம்பி 1000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சாதாரணப் படத்தில் வளையத்தைத் தேடினால் கிடைக்காது. முன்னால் இருக்கும் கேலக்ஸியின் வெளிச்சத்தைக் கணினியில் கழித்த பிறகே துலங்கும். அதன் விட்டம், முழு நிலாவின் அகலத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான்.

இனி, பெரிய தவறு: 'வளையம் தெரிகிறது, ஆகவே ஐன்ஸ்டைன் சொன்னது நிரூபணமாகிவிட்டது' என்பது. வளையத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அதன் அளவிலிருந்து கேலக்ஸியின் நிறையைக் கணக்கிடும்போதே, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் சரி என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறோம். அப்புறம் அதையே சான்றாகக் காட்டினால் எப்படி? நிறையை வேறு வழியில் அறிய வேண்டும். வானியலாளர் தாமஸ் காலட்டின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அதைத்தான் செய்தது. சிலியின் பரனால் மலையிலுள்ள விஎல்டி தொலைநோக்கியைக் கொண்டு, கேலக்ஸிக்குள் விண்மீன்கள் எவ்வளவு வேகத்தில் அலைகின்றன என்று அளந்து, அந்த வேகத்திலிருந்து நிறையைக் கண்டது. பிறகு ஹபிள் படத்திலிருந்த வளையத்தோடு ஒப்பிட்டது.

45 கோடி ஒளியாண்டு நமக்கு மலைப்பாக இருந்தாலும், ஈர்ப்பு வில்லைகளில், அதாவது பின்னாலிருந்து வரும் ஒளியை இப்படி வளைக்கும் கேலக்ஸிகளில், இது பக்கத்து வீடு. அதனால்தான் வளையத்துக்கு உட்பட்ட பகுதியிலேயே வேகத்தை நுணுக்கமாக அளக்க முடிந்தது.

இந்த ஒப்பீட்டில் கிடைப்பது, குறிப்பிட்ட நிறை வெளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஓர் எண். பொதுச் சார்பியல்படி 1 வர வேண்டிய அது, 0.97 என்று வந்தது. கூட்டியோ குறைத்தோ 0.09 பிழை இருக்கலாம். சரி, பொருந்துகிறது. ஆனால் இது மையத்திலிருந்து ஏறக்குறைய 6,500 ஒளியாண்டு ஆரத்துக்குள் நடந்த சோதனை. பிரபஞ்சம் முழுமைக்குமான தீர்ப்பாக இதைத் தலைப்பிடுவது அதிகப்படி.