டெக்கை நீட்டிக்க மரம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் டெக்கை, அதாவது பலகை பாவிய திறந்த மேடையை, பெரிதாக்க நினைப்பவர்களில் பலர் முதலில் கடைக்குப் போய்ப் பலகையின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. புதிதாக டெக் கட்டுகிறவர் எந்த மரத்தையும் எடுக்கலாம், அதற்கேற்ப அடிச்சட்டத்தை அமைத்துக்கொள்வார். இருக்கும் டெக்கை நீட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பழைய டெக்கை அளந்து, அடியில் குனிந்து பார்த்த பிறகே மரக்கடைக்குப் போகவேண்டும்.

முதலில் பலகையின் கனத்தைப் பாருங்கள். 5/4 என்று விற்கும் பலகையின் உண்மையான கனம் 1 அங்குலம்தான். இரண்டுக்கு ஆறு என்று விற்பது 1½ அங்குலக் கனமும் 5½ அங்குல அகலமும் கொண்டது. பழைய பகுதியில் இரண்டுக்கு ஆறு இருக்க, விலை குறைவு என்று பக்கத்தில் 5/4 போட்டால் சேரும் இடத்தில் அரை அங்குலப் படி விழும். இருட்டில் கால் இடறுவது அங்கேதான். புதுச் சட்டத்தை அரை அங்குலம் உயர்த்தினால் மேல்மட்டம் சரியாகிவிடும், ஆனால் அதை முன்பே தெரிந்து செய்ய வேண்டும்.

பலகைகளை அடியிலிருந்து தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளின் இடைவெளியும் முக்கியம். இரண்டுக்கு ஆறு பலகை 24 அங்குல இடைவெளியைத் தாங்கும். 5/4 பலகைக்கு 16 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கம்போசிட் பலகையை நேராகப் போட்டால் பொதுவாக 16, மூலைவாட்டில் போட்டால் 12. பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு முழு டெக்குக்கும் புதியதைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், நடக்கும்போது பலகை தொய்யும்.

2004-க்கு முன் கட்டிய டெக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து பிரஷர் ட்ரீட்டட் மரத்தில், அதாவது அழுகாமலிருக்க அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரத்தில், பெரும்பாலும் ஆர்சனிக் கலந்த மருந்தைத்தான் ஏற்றினார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பது 2003 முடிவோடு நின்றது. பழைய பலகையை அறுக்கும்போது முகமூடி போடுங்கள், தூளைக் கூட்டி எடுங்கள், துண்டுகளை எரிக்கவே எரிக்காதீர்கள். அந்தப் புகையும் சாம்பலும் விஷம்.

அதற்குப் பிறகு வந்த மரத்தில் செம்பு அதிகம். ஈரத்தோடு செம்பு சேர்ந்தால் சாதாரண இரும்பு ஆணியையும் மெல்லிய துத்தநாகப் பூச்சு உள்ள ஸ்க்ரூவையும் அரித்துவிடும். மேலே பலகை நன்றாகவே இருக்கும், உள்ளே ஸ்க்ரூ ஊசியாய் மெலிந்து போயிருக்கும். இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கனமான பூச்சு உள்ளவை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஜாயிஸ்ட்டைத் தாங்கும் உலோகக் கொக்கியும் அதில் அடிக்கும் ஆணியும் ஒரே வகையாக இருக்கட்டும்.

மருந்து ஏற்றிய மரம் எல்லாம் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். தரைக்கு மேலே வைக்க ஒரு வகை, மண்ணைத் தொடும் இடத்துக்கு ஒரு வகை. முனையில் அடித்திருக்கும் சீட்டில் எழுதியிருக்கும். தாழ்வான டெக் என்றால் அடிச்சட்டத்துக்கும் மண்ணைத் தொடும் வகையையே எடுப்பது நல்லது. அப்புறம், கனடாவில் கிடைக்கும் ஸ்ப்ரூஸ் போன்ற மரங்களில் மருந்து ஆழமாக இறங்காது. அறுத்த முனையில் வெறும் மரம் வெளியே தெரியும். அங்கே பிரஷ்ஷால் மருந்து தடவாமல் விட்டால் அழுகல் அந்த வழியாகத்தான் நுழையும்.

சீடர் (cedar) மரம் வாங்குகிறவர்கள் அது அழுகாது என்று நம்பி வாங்குகிறார்கள். அந்தக் குணம் மரத்தின் நடுவிலுள்ள செந்நிற வைரப்பகுதிக்கு மட்டும்தான். வெளிறிய ஓரப்பகுதிக்கு அது கிடையாது, எனவே ஒவ்வொரு பலகையையும் திருப்பிப் பாருங்கள். சீடரில் சாதாரண ஆணி அடித்தால் கறுப்புக் கறை வழியும். வாழைப்பூ நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுப்பது போலத்தான், இரண்டிலும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்கிறது. மரமும் மென்மையானது, நாற்காலிக் கால் பதியும். கடினம் வேண்டும் என்று பிரேசிலிய ஈப்பே மரத்துக்குப் போகிறவர்கள் சட்டப்படி வந்ததற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். 2024 நவம்பரிலிருந்து அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

கம்போசிட்டில் அடர்நிறம் எடுத்தால் கோடை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் வெளிர்நிறமே சரி.

கடைசியாகப் பலகைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் நிறமும். மருந்து ஏற்றிய மரம் ஈரத்தோடு வரும், காய்ந்தால் சுருங்கும். அதனால் நெருக்கிப் போட்டாலும் இடைவெளி தானாக விழும். காய்ந்து வந்த பலகைக்கு நாமேதான் 3 மில்லிமீட்டர் விட வேண்டும். ஈரமரத்தில் அன்றே ஸ்டெயின் என்ற நிறப்பூச்சை அடித்தால் பிடிக்காது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், மரம் உறிஞ்சினால் அடிக்கலாம், முத்தாக நின்றால் பொறுக்க வேண்டும். பழைய பகுதியின் சாம்பல் நிறம் புதியதற்கும் காலப்போக்கில் வந்துவிடும். அதுவரை வித்தியாசம் உறுத்தினால், சேரும் இடத்தில் குறுக்காக ஒரு பலகை போட்டு, புதுப் பகுதியை வேறு திசையில் பாவிவிடுங்கள்.