சித்திரையில் போட்ட வேலி ஐப்பசியில் நிற்குமா? காவல் நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

டெல்டாவில் வேலி வேலையைச் சித்திரை, வைகாசியில்தான் எடுப்போம். சம்பா விற்ற காசு கொஞ்சம் மிச்சமிருக்கும், ஆளும் கிடைப்பார்கள். களிமண் கல்லாக இறுகிக் கிடப்பதால் நட்ட கல்கால் அசையாது. ஆறடி உயரத்தில் வலைக்கம்பி கட்டிவிட்டோம், ராஜபாளையம் நாய் இனித் தாண்டாது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் நாய் எதிர்வீட்டு அத்தையின் ஆட்டுக்கொட்டகை வாசலில் நின்றது. தாண்டிப் போகவில்லை. அடிக்கம்பியில் ஒரு கொத்து வெள்ளை முடி. அதன்கீழே நகம் வழித்த வழுவழுப்பான குழி, ஒரு முறம் அளவுகூட இல்லை. மூக்கில் சேறு அப்பியிருக்க, என்னைப் பார்த்து வாலை வேறு ஆட்டியது.

உயரத்தை மட்டும் கணக்கிடுவதுதான் முதல் தவறு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண், மழையில் களியாகக் குழைகிறது. வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைக்கலாம். தண்ணீர் ஊறும் தாழ்வான கொல்லையில் அது சிரமம். அங்கே இரண்டடி அகல வலையை வேலியின் அடியோடு கட்டி, உட்பக்கமாகத் தரையில் விரித்து, மேலே செங்கல் அடுக்குங்கள். நாய் வேலியோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். கால் வலையில் பட்டதும் நிறுத்திவிடும். துத்தநாகம் பூசிய கம்பியாக வாங்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் இற்றுவிடும்.

கிளுவை வேலி மாட்டுக்குப் போதும், நாய்க்குப் போதாது. வேலியை ஒட்டி வைக்கோல் போர் போடுவது நாமே படிக்கட்டு கட்டிக் கொடுப்பதுதான். படலின் அடியில் இடைவெளி விடாதீர்கள். பால்காரர் வந்துபோகும் வழிக்கு இரட்டைப் படல் நல்லது.

வேலியோரத்தில் சங்கிலியில் கட்டுவது இன்னும் மோசம். தாவிய நாய் மறுபக்கம் தொங்கி மூச்சுத்திணறிச் செத்துப்போகும். வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதோ சட்டப்படி குற்றம். இரவில் வயலுக்குத் தண்ணீர் பார்க்க வரும் மனிதரும் அதில் சாவார்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியிலேயே முதுகுப்பக்கம் கைதட்டிப் பாருங்கள். காது கேளாத நாய் வெளியேறிவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பாது, பஸ் ஹாரனுக்கும் விலகாது. வயலில் எலிக்கு வைத்த விஷம் வேறு கிடக்கும்.

புயல் அடித்தால் முதலில் வேலியைச் சுற்றிப் பாருங்கள், பிறகு நாயை அவிழ்க்கலாம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது தென்னையே சாய்ந்தது, கல்கால் எம்மாத்திரம்?

தீபாவளியும் இந்த ஈர மாதத்தில்தான் வருகிறது. வெடிக்கு மிரண்ட நாய்க்கு இளகிய மண் கிடைத்தால் எந்த வேலியும் தாங்காது. அன்று சாயங்காலமே உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.