பெட்டியில் வைத்த செருப்பும் அலமாரியில் தூங்கும் சட்டையும்: தினசரி உடையில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என் தையல் கடைக்குள் வெறுங்காலோடு வந்தார். கையில் ஒரு ஜோடி செருப்பு. மகள் கல்யாணத்துக்காக ஈப்போவில் வாங்கியதாம், ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுக் காகிதம் சுற்றி, பெட்டியோடு அலமாரிக்கு மேலே ஆறு வருஷம் வைத்திருந்திருக்கிறார். அன்றைக்குக் கோயிலுக்குப் போட்டு வந்தால், வாசலைத் தொடுவதற்குள் அடிப்பாகம் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. "புதுச் செருப்பும்மா, ஒரு நாள்தான் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் ஜப்பான் சிலிப்பரைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தச் செருப்பில் கோளாறு ஒன்றும் இல்லை. அடிப்பாகம் பாலியூரித்தேன் என்கிற பொருள், சுருக்கமாகப் பியூ என்பார்கள். காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். நம் மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது, அதனால் பெட்டிக்குள் மூடி வைத்தாலும் அது தப்பிக்காது. தோல் மாதிரி இருக்கிற கைப்பைகள் நாலைந்து வருஷத்தில் செதில் செதிலாக உரிவதும் இதே காரணத்தால்தான். ரப்பர் மாதிரி இழுபடுகிற நூல் சேர்ந்த எல்லாமே, இடுப்பு எலாஸ்டிக், உள்ளாடைப் பட்டை, லெகிங்ஸ், போட்டாலும் போடாவிட்டாலும் வயசாகிக்கொண்டேதான் இருக்கும்.

சுங்கை சிப்புட்டில் இத்தனை வருஷம் தைத்ததில் நான் பார்த்த பெரிய தவறு இதுதான், நல்லதைப் பூட்டி வைப்பது. இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் பாட்டி ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை, ஒரு கைலி, தலையில் துண்டு, இதுதான் உடை. கொசுவுக்கும் முள்ளுக்கும் அது சரியான உடைதான். சட்டையின் முன்பக்கம் பூராவும் ரப்பர் பால் கறை காய்ந்து கறுத்து, தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு எடுக்கும் பருத்திச் சேலை டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும், தீமிதித் திருவிழாவுக்குத்தான் வெளியே வரும். அந்த வாழ்க்கைக்கு அது நியாயம். பருத்தியை உலர்த்தி வைத்தால் பல வருஷம் நிற்கும். இன்றைக்கு நாம் வாங்கும் பொருள் வேறு, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 80 வெள்ளிக்கு வாங்கிய குர்த்தி அலமாரியில் பூஞ்சை பிடிக்க, அக்குளில் கிழிந்த டீ சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு தடவை கடைக்குப் போய் வருகிறோம். தினமும் போடுங்கள் அக்கா, தயவுசெய்து. செருப்பை மாதம் இரண்டு தடவையாவது போட்டு நடங்கள்.

அடுத்து துணி. மத்தியானம் 33 டிகிரி, மூன்று மணிக்கு மேல் மழை, இதுதான் நம் ஊர். பாசார் மாலம் என்கிற ராத்திரிச் சந்தையில் "காட்டன், காட்டன்" என்று குவித்து வைத்திருப்பதில் பாதி பாலியஸ்டர்தான். லேபிள் இல்லையென்றால் விரலில் ஒரு சொட்டு தண்ணீர் தொட்டு ஓரத்தில் வையுங்கள், பருத்தியும் ரேயானும் பெரும்பாலும் உடனே குடித்துவிடும், பாலியஸ்டரில் முத்து மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும். பாலியஸ்டர் கூடவே கூடாது என்று சொல்லவில்லை, மழை நாளில் சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம். ஆனால் முதுகும் கக்கமும் வேர்க்கிற உடம்புக்கு, அதுவும் மாதவிடாய் நிற்கும் வயசில் திடீர் திடீரென்று சூடு ஏறுகிற அக்காமார்களுக்கு, அது வேதனை. சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. குளிர் நாட்டு வீடியோவில் பார்க்கிற தடிமனான ஹூடியை இங்கே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் கழுத்தெல்லாம் வேர்க்குரு வரும். அதே தொளதொள அமைப்பு பிடித்திருந்தால் மெல்லிய பருத்திச் சட்டையில் இரண்டு சைஸ் பெரிசாக வாங்கிக்கொள்ளுங்கள், அழகாகவே இருக்கும்.

ரேயானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இப்போது வருகிற குர்த்திகளில் பாதிக்கு மேல் அதுதான். மரக்கூழிலிருந்து வருகிற நூல், உடம்புக்குக் குளிர்ச்சி, ஆனால் ஈரமானால் பலம் குறைந்துவிடும். கைலியை முறுக்கிப் பிழிகிற மாதிரி பிழிந்தால் தையல் ஓரத்தில் துணி பிரியும். அப்புறம் சுருங்கும். துணியாக எடுத்துத் தைக்கக் கொடுக்கிறவர்கள் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, பிறகு கொண்டு வாருங்கள். "அவசரம்மா, அப்படியே வெட்டிடுங்க" என்று கொடுத்துவிட்டு, முதல் துவைப்புக்கு அப்புறம் முழங்காலுக்கு மேல் ஏறிய சட்டையோடு என்னிடம் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

அளவு விஷயத்தில் எல்லா வயசிலும் ஒரே தவறு, எழுத்தை நம்புவது. எம், எல், எக்ஸ்எல் என்பது கடைக்குக் கடை மாறும். ஒருத்தியே ஓரிடத்தில் எல், இன்னொரு இடத்தில் டபுள் எக்ஸ்எல், அதற்காக யாரும் மனம் ஒடிந்து போக வேண்டியதில்லை. வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையை மேஜையில் விரியுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 20 இஞ்ச் என்றால் சுற்றளவு 40. ஆன்லைனில் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள், ஒரு இஞ்ச் 2.54 சென்டிமீட்டர், ஆக 40 இஞ்ச் என்பது 101, 102. நீட்டிப்பு இல்லாத துணியில் உடம்பு அளவை விட 3, 4 இஞ்ச் கூடுதலாக இருந்தால்தான் கை தூக்கிச் சாமி கும்பிட முடியும். கடையில் நேரில் வாங்கினால் முதலில் தோளைப் பாருங்கள். பக்கம் தொளதொளவென்று இருந்தால் நான் அரை மணி நேரத்தில் பிடித்துத் தருவேன், நீளத்தையும் குறைப்பேன். தோள் இறங்கினால் கையைப் பிரித்து, கைக்குழியை வெட்டி, மறுபடி வைத்துத் தைக்க வேண்டும், கூலியும் அதிகம், பழைய வடிவம் சரியாக வருவதும் இல்லை.

உள்ளாடையில் நாம் செய்கிற தவறு வெளி உடையில்தான் தெரியும். தாங்குகிற வேலை மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டைக்கு, தோள் வார்களுக்கு இல்லை. பின்னால் பட்டை மேலே ஏறினால் சுற்றளவு பெரிசு என்று அர்த்தம், வாரை இறுக்கி இறுக்கித் தோளில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது தளர்ந்த நிலையில், பொருந்துகிற மாதிரி வாங்குங்கள். நாளாக ஆகத் தொய்யும்போது உள் கொக்கிக்கு மாறலாம். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளை போட்டால் பளிச்சென்று தெரியும், நம் தோல் நிறத்தை ஒட்டிய பழுப்பு போட்டால் தெரியாது. லெகிங்ஸ் வாங்கும்போது உள்ளே கையை விட்டு முஷ்டி பிடித்து விரித்துப் பாருங்கள், விரல் மூட்டு தெரிந்தால் குனியும்போது தொடையும் தெரியும்.

சேலை உடுத்துகிற அம்மாக்களும் பாட்டிகளும் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவது. இடுப்பைச் சுற்றிக் கறுத்த கோடும் அரிப்பும் இருந்தால் அது வயசுக்கு வருவது இல்லை, நாடா அறுப்பதால் வருவது. 2024-இல் இந்திய மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் இரண்டு மூத்த பெண்களைப் பற்றி எழுதினார்கள், பல வருஷம் இடுப்பில் இறுக்கிக் கட்டிக் கட்டியே ஆறாத புண் வந்து அது புற்றுநோயாக மாறியிருந்தது. அபூர்வம்தான், பயப்பட வேண்டாம், ஆனால் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். என் கடையில் இப்போதெல்லாம் பாவாடைக்கு இரண்டு இஞ்ச் அகலப் பட்டி வைத்து, தட்டையான நாடா போட்டுத்தான் தருகிறேன், அழுத்தம் பரவலாக விழும்.

வயசு பற்றியும் நிறம் பற்றியும் நாமே நமக்குப் போட்டுக்கொண்ட சட்டங்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். "எனக்கு எதுக்கும்மா இந்தக் கலரு, பேரப்பிள்ளை எடுத்தாச்சு" என்பார்கள். "நான் கறுப்பு ஆண்டி, மஞ்சள் எனக்கு ஆகாது" என்று 16 வயசுப் பெண் சொல்லும்போது நிஜமாகவே மனசு கனக்கும், அந்த வார்த்தையை அவளுக்கு வீட்டிலேயே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடுகு மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து, வாடாமல்லி, இதெல்லாம் நம் தோலுக்கென்றே பிறந்த நிறங்கள். வெளிறிப்போன பழுப்பும் சாம்பலும்தான் சில சமயம் முகத்தைக் களைப்பாகக் காட்டும். கடை விளக்கில் மட்டும் நிறத்தை நம்பாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபது வயசில் ஒரு பாட்டி வாடாமல்லி நிறத்தில் பருத்தி கஃப்தான், தொளதொள அங்கி, தைத்துக்கொண்டு போனார், அடுத்த வாரமே அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து மூன்று பேர் அதே துணியைக் கேட்டு வந்தார்கள்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத் துப்பட்டா. பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு, துப்பட்டாவைத் தோளில் சும்மா தொங்கவிட்டு, பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். சக்கரத்திலோ சங்கிலியிலோ மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும். மார்புக்குக் குறுக்கே போட்டு இடுப்பில் முடியுங்கள், இல்லையென்றால் மடித்துப் பையில் வையுங்கள். அகல விரிகிற நீளக் குர்த்திக்கும் இதே கதைதான்.

கை இல்லாத சட்டை ரெடிமேடாக வாங்கும்போது உள்ளே கையை விட்டுத் தேடிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வருகிற பல குர்த்திகளில் கைத்துணியைத் தனியாக மடித்து, ஊசி குத்தி வைத்திருப்பார்கள். அது என்னவென்று தெரியாமல் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு, நானே ஒரு தடவை போட்டிருக்கிறேன். பிறகு அதே சட்டையோடு ஒரு வேலையாக அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கை இல்லாத சட்டை, குட்டைப் பாவாடை, அரைச் சிலுவார், சிலிப்பர் எல்லாம் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மாற்றி வருவதற்குள் கவுண்டர் நேரம் முடிந்து, ஒரு நாள் வேலை போச்சு. அன்றிலிருந்து மோட்டார் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டோடு ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டையும் மடித்து வைத்திருக்கிறேன்.

நைட்டி விஷயத்தில் நான் யாரையும் திட்ட மாட்டேன். வீட்டு வேலைக்கு அதை விட வசதியான உடை கிடையாது. பிரச்சினை என்னவென்றால் வீட்டில் போடுவதற்கென்று நாம் எதையும் வாங்குவதே இல்லை, வெளியில் போட முடியாமல் போனது எல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு நாளில் அதிக நேரம் நம் உடம்பில் இருப்பது அந்தத் துணிதானே. பாத்திக் பருத்தியில் ஒரு கஃப்தான் தைத்தால் இரண்டரை மீட்டர் துணி போதும், பக்கத்தில் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், தபால்காரர் வந்தாலும் சம்பந்தி வந்தாலும் அப்படியே எழுந்து போய்க் கதவைத் திறக்கலாம்.

செருப்பு வாங்கப் போவது சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் கடிக்காது. தேய்ந்து வழவழப்பான சிலிப்பரோடு மழை பெய்த பாசார் மாலம் தாரில் நடக்காதீர்கள், லோங்காங், அதாவது சாக்கடை, ஓரத்தில் அதை விட மோசம். இனிப்பு நீர் இருக்கிறவர்கள் பின்வார் வைத்த, முன்பக்கம் மூடிய செருப்பாகப் பாருங்கள், பாதத்தில் காயம் பட்டாலே தெரியாமல் போகலாம்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அக்டோபர், நவம்பரில் பேராவில் மழை அதிகம், அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் அலமாரி முழுக்க வாடை பிடிக்கும். வாரம் ஒரு நாள் வெயில் வரும்போது அலமாரிக் கதவைத் திறந்து போடுங்கள், துணிகளை நெருக்கி அடைக்காதீர்கள்.

அந்த டீச்சர் இரண்டு நாள் கழித்து என் சிலிப்பரைக் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தார், கூடவே ஒரு பை. உள்ளே நாலு குர்த்தி, எல்லாமே விலைச்சீட்டு கழற்றாதது, வாங்கினபோது இருந்த உடம்புக்கு எடுத்தது. போட்டுப் பார்த்தோம், மார்பில் பிடித்தது. இரண்டு சட்டையில் பக்கத்தில் ஒரு இஞ்ச் உள்துணி விட்டிருந்தார்கள், பிரித்துத் தந்துவிட்டேன், ஒன்றை அங்கேயே போட்டுக்கொண்டு போனார். மற்ற இரண்டில் விடவில்லை, கைக்கு அடியில் வேறு துணி வைத்துத்தான் விரிக்க வேண்டும். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குத் துண்டு வைக்கலாமா என்று கேட்டேன், வையுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.