படுக்கவா, பார்க்கவா? கேரளக் காயலில் உங்களுக்கேற்ற படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எங்கள் ஊர் செங்கோட்டை. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இரண்டு நாள் குற்றாலத்தில் குளிப்பார்கள், மூன்றாம் நாள் "ஆலப்புழை போய் போட்டில் ஏறணும்" என்பார்கள். ஏற்பாடு செய்யும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழும். அப்படிப் பலமுறை போய்வந்து, ஒருமுறை அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: உங்களையே கேளுங்கள்

படகில் தங்க வேண்டுமா, தண்ணீரையும் ஊரையும் பார்க்க வேண்டுமா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஹவுஸ்போட் என்பது நகரும் லாட்ஜ். பகல் 12 மணி வாக்கில் ஏற்றுவார்கள். மாலை ஐந்தரை வாக்கில் எங்காவது கரையில் கட்டிவிடுவார்கள். இரவு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், அப்போது ஓட்டக்கூடாது. மறுநாள் காலை 9 மணிக்கு இறங்கச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு நிறுத்துவதையும் கழித்தால் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். அதுவும் அகலமான படகு என்பதால் சின்ன வாய்க்கால்களுக்குள் நுழையாது. முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், சும்மா காலை நீட்டி உட்கார நினைப்பவர்களுக்கு அது சரி. காட்சிதான் முக்கியம் என்றால் படகு சின்னதாக ஆக ஆக நல்லது. இது என் கட்சி.

படி 2: பையைப் பாருங்கள்

செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: பத்துகளில், நூறுகளில், ஆயிரங்களில்.

பத்துகளில் போவது கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு. ஆலப்புழை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். கோட்டயம் போகும் படகு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு பாட்டிகள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயலைப் படகில் உட்கார்ந்தபடி குனிந்து பார்ப்பீர்கள். தண்ணீர் மேலே, நெல் கீழே. முதல்முறை பார்க்கும்போது தலை சுற்றும். வைக்கம் பக்கம் போனால் தவணக்கடவுக்குப் போகும் சூரியசக்திப் படகில் ஏறிப் பாருங்கள். 2017-இல் வந்த, இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு அது. சத்தமே இருக்காது. வைக்கத்தில் பெரியார் நினைவகமும் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம்.

நூறுகளில் சிக்காராவும் (கூரை போட்ட சின்ன உலாப் படகு) கழி ஊன்றிப் போகும் சின்ன வள்ளமும். சிக்காராவுக்கு மணிக்கணக்கில் வாடகை. எனக்குப் பிடித்தது கொல்லத்துக்குப் பக்கத்திலிருக்கும் மன்றோ தீவில் வள்ளம். தென்மலை அணையில் நாம் பார்க்கிறோமே, அதே கல்லடா ஆறுதான் அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் இந்தத் தீவாகக் கிடக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வழி ரயிலில் கொல்லம், அங்கே எர்ணாகுளம் பக்கம் போகும் பாசஞ்சர் பிடித்தால் மன்றோத்துருத்து ஸ்டேஷனிலேயே இறங்கலாம். காலை ஆறு, ஆறரைக்கே வள்ளத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு முந்தின நாளே கொல்லத்தில் தங்க வேண்டியிருக்கும். நாங்கள் போனபோது வாய்க்கால் எங்கள் வீட்டு முடுக்கைவிடக் குறுகல். வள்ளக்காரர் மூங்கில் கழியை ஊன்றி, இழுத்து, மறுபடி ஊன்றுவார். கழி நுனியில் ஒவ்வொரு முறையும் கறுப்புச் சேறு. பாலம் வந்தால் "தலை, தலை" என்பார், எல்லோரும் மடியில் முகம் புதைத்துக் குனிய வேண்டும். ஒரு வீட்டுப் பின்வாசலில் அம்மா ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் தூரம். ஹவுஸ்போட்டில் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இது கிடைக்காது.

ஆயிரங்களில் ஹவுஸ்போட். அதற்கு அடுத்த படி.

படி 3: ஹவுஸ்போட் என்றால் போனிலேயே கேட்டு முடியுங்கள்

அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்காக ஆலப்புழையில் ஒரு புரோக்கர் காட்டிய போட்டோவை நம்பி முன்பணம் கட்டினேன். வந்தது வேறு படகு. சாயங்காலம் வரிசையாக நின்ற படகுகளுக்கு நடுவில் கொண்டுபோய்க் கட்டினார்கள். பக்கத்துப் படகில் ராத்திரி முழுக்கப் பாட்டு, ஜெனரேட்டர் புகை வேறு. விடிந்ததும் அத்தை, "ஏலே, தென்காசி பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தாகூடத் தூங்கியிருப்பேன்" என்றார்.

ஆகவே கேளுங்கள். இரவு எங்கே கட்டுவீர்கள்? ஏசி எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? பல படகுகளில் இரவு ஒன்பதுக்குப் போட்டுக் காலை ஆறுக்கு அணைத்துவிடுவார்கள், பகலில் வேண்டுமென்றால் தனிக்காசு. எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்? சாப்பாட்டில் கரிமீன் சேர்த்தியா, இல்லை மேல்காசா? இன்றைக்கு எடுத்த வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். கேரள சுற்றுலாத் துறை தரம் பிரித்துக் கொடுக்கும் டைமண்ட், கோல்டு, சில்வர் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் படகைப் பார்த்துப் பேசுவதே உத்தமம்.

படி 4: மாதம்

டிசம்பர், ஜனவரியில் வானிலை அருமை. கிறிஸ்துமஸ் வாரத்தில் வாடகையும் தாறுமாறு. நம் ஊரில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில் அங்கே அடைமழை. வாடகை இறங்கும், பேரமும் பேசலாம். ஆனால் வெள்ள எச்சரிக்கை வந்தால் படகையே நிறுத்திவிடுவார்கள்.

படி 5: ஏறும் முன்

உயிர்காப்பு ஜாக்கெட் இருந்தால் போதாது, போட்டுக்கொள்ள வேண்டும். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் அதிகமென்றால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் இறங்கி அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

அப்புறம், குடையும் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் படகில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் டிக்கெட் கொடுப்பவர் முறைப்பார்.

அத்தை அடுத்த மாதம் மறுபடி வருகிறார். இந்தமுறை கோட்டயம் படகுதான், ஓரத்து சீட்டு பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் எவ்வளவு என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.